உடம்பில் ஒட்டாத இரும்பு

சீட்டில் 12.3 என்று எழுதியிருந்தது. அதை மனைவியிடம் நீட்டிவிட்டுத் தொப்பென்று நாற்காலியில் விழுந்தார் கிரேன்காரர்.

“ரத்தத்துல இரும்பு கம்மியாம். பதிமூணு வேணுமாம்.”

“யாரு சொன்னா?”

“யார்டுக்கு டெஸ்ட் எடுக்க வந்த பொண்ணு. விரல்ல குத்திப் பாத்துட்டு, ‘பதிமூணு இல்லாம முடியாது, ரெண்டு மாசம் கழிச்சு வருவோம், அப்ப பாக்கலாம்’னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுச்சு.”

“அதுக்கு ஏன் இப்படி இடிஞ்சு போய் உக்காந்திருக்கீங்க?”

“உனக்கு என்ன தெரியும்? போன மாசம்தான் கண்ணு சரியில்லைன்னு வெல்டரைக் கொண்டுபோய் கேட்ல உக்கார வெச்சாங்க. வர்ற லாரி நம்பரை எழுதிக்கிட்டு இருக்காரு. அடுத்த ஆளு நான்தான்.”

இருபத்திரண்டு வருஷமாகப் பழைய இரும்பு யார்டில் காந்தக் கிரேன் ஓட்டுகிறார். மேலே கூண்டில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால், கீழே தொங்குகிற காந்தத் தட்டு அரை லாரி இரும்பை அலாக்காகத் தூக்கும். இவ்வளவு இரும்பைத் தூக்குகிற ஆளுக்கு உடம்பில் இரும்பு இல்லையாம். வெளியே சொன்னால் சிரிக்க மாட்டார்களா? அதனால் யார்டில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. விவரம் கேட்கவும் இல்லை. கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். தெரிந்தால் சுருட்டை வந்து கூண்டில் உட்கார்ந்துவிடுவான். சுருட்டை என்றால் கிரேன் ஓட்டப் பழகிவிட்டு, எப்போது இடம் காலியாகும் என்று காத்திருக்கிற சுருட்டைமுடிக்காரன். சிரித்துச் சிரித்துப் பேசுவான். அப்படிப் பேசுகிறவனை எதற்கு நம்ப வேண்டும்?

மறுநாளே வீட்டில் வேளாவேளைக்குக் கீரையும் பயறும் ஆரம்பமாகிவிட்டது. இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டு தின்றார். பிறகு தெருமுனை மருந்துக்கடையில் போய் விரலை நீட்டினார். அதே 12.3.

“உன் மிஷின் சரியா வேலை செய்யுதாம்மா?”

“மிஷின் நல்லாத்தான் இருக்கு. நீங்க சாப்பிட்டதும் என்ன குடிப்பீங்க?” என்றாள் மருந்துக்கடைக்காரம்மா.

“டீ. பெரிய டம்ளர்ல.”

“அதான் விஷயம். கீரையில இருக்கற இரும்பை உடம்புல சேர விடாம டீ தடுத்துடும். டீயை ரெண்டு மணி நேரம் தள்ளிக் குடிங்க. சாப்பாட்டோட ஒரு கொய்யா, இல்லேன்னா ஒரு ஆரஞ்சு சாப்பிடுங்க. அந்தப் பழச்சத்து இருந்தா உடம்பு இரும்பை நல்லா இழுத்துக்கும்.”

“பழம் இரும்பை இழுக்குமா? நான் காந்தமே ஓட்டறவன். என்கிட்டயே கதை விடறியா?”

“நம்பாட்டிப் போங்க. எனக்கென்ன?”

நம்பத்தான் இல்லை. ஆனாலும் பழம் வாங்கினார். ஒன்று சாப்பிட்டால் கொஞ்சம் இழுக்கும் என்றால், எட்டு சாப்பிட்டால் எட்டு மடங்கு இழுக்காதா? சாப்பாட்டுத் தூக்கோடு எட்டு ஆரஞ்சையும் கூண்டுக்குக் கொண்டுபோய், யாருக்கும் தெரியாமல் உரித்து உரித்து உள்ளே தள்ளினார். ஏழாவது பழத்தின் தோல் காற்றில் பறந்து நேரே ஃபோர்மேன் ஹெல்மெட்டில் போய் உட்கார்ந்தது.

“என்னய்யா, மேல பழக்கடை வெச்சிருக்கியா?” கீழேயிருந்து கத்தினார் ஃபோர்மேன். “இன்னொரு தடவை ஏதாவது விழுந்துச்சு, உன்னைக் கீழ இறக்கிடுவேன்!”

இறக்கிடுவேன்! அந்தச் சொல் போதாதா? அன்று சாயந்திரமே நெஞ்செரிச்சல் வந்துவிட்டது. பாதி பயத்தில், பாதி ஆரஞ்சில்.

மருந்துக்கடைக்காரம்மாவிடம் போனால் சிரிப்பாள் என்று, பஸ் ஏறிப் போய் வேறொரு கடையில் எரிச்சலுக்கு மருந்து வாங்கினார். வெள்ளையாக, சுண்ணாம்பைக் கரைத்த மாதிரி இருந்தது. சாப்பாடு, பழம், மேலே ஒரு மூடி மருந்து. பத்து நாள் இப்படியே போனது. கூண்டில் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு இருப்பதைச் சுருட்டை பார்த்துவிட்டான்.

“அண்ணே, முடியலைன்னா சொல்லுங்க. நான் வேணா ஒரு மணி நேரம் ஓட்டறேன்.”

“ஏண்டா, சீட்டு சூடா இருக்கான்னு பாக்கறியா?”

“ஐயோ, உங்க நல்லதுக்குத்தான்ணே சொல்றேன்.”

நல்லதுக்காம்! மறுபடியும் விரலை நீட்டினார். 12.2.

“குறைஞ்சிருக்கே! வேற என்ன சாப்பிடறீங்க?” என்றாள் மருந்துக்கடைக்காரம்மா. திருட்டு முழி முழித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் காட்டி, எட்டு ஆரஞ்சுக் கதையையும் சொன்னார்.

“அட கடவுளே! வயித்துல அமிலம் இருந்தாத்தான் இரும்பு உள்ள ஏறும். நீங்க அதையே அமுக்கிட்டா எப்படி? எட்டுப் பழம் யாரு சாப்பிடச் சொன்னா? ஒண்ணுதானே சொன்னேன்!”

வீட்டில் மனைவி பாட்டிலைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள்.

“மருந்தும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். எரிச்சலுக்குப் பாலைவிட நல்லது எது இருக்கு?”

சாப்பாட்டோடு ஒரு சொம்பு பால். ஒரு வாரம் கழித்து 12.2. நகரவே இல்லை.

“பாலா?” மருந்துக்கடைக்காரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். “பாலும் சாப்பாட்டு நேரத்துல ஆகாதுங்க! உங்க வீட்டுல யாரு இதெல்லாம் சொல்லித் தர்றாங்க?”

“பேர் சொன்னா எனக்குச் சோறு கிடைக்காது.”

கடைசியில் வேறு வழியில்லாமல் அவள் சொன்னதை அப்படியே செய்தார். சாப்பாடு, ஒரே ஒரு கொய்யா. டீயும் பாலும் நாலு மணிக்கு மேல்தான். டீக்கு ஏங்கி ஏங்கி வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுந்தார். மனைவி இரண்டு தடவை அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். ராத்திரி தூக்கத்தில்கூட, “லாரி நம்பர் சொல்லுய்யா” என்று முனகினார்.

ரெண்டு மாசம் ஆயிற்று. டெஸ்ட் எடுக்கிற பொண்ணு மறுபடி யார்டுக்கு வந்து மேசை போட்டாள். கேட் திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றார். பின்னாலேயே சுருட்டையும் வந்து நின்றான்.

“நீ எதுக்குடா வந்தே?”

“சும்மாதான்ணே.”

அந்தப் பொண்ணு விரலில் குத்தினாள். ஒரு துளி வந்தது. மிஷின் யோசித்தது.

“பதிமூணு புள்ளி ஒண்ணு.”

“இன்னொரு தடவை பாரும்மா.”

பார்த்தாள். அதே 13.1. இடுப்புத் துண்டை உருவி மேலே வீசினார். திரும்பிச் சுருட்டையைப் பார்த்து, “இப்ப வாடா!” என்று தொடையைத் தட்டினார். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

“அப்ப நான் கிரேன்ல ஏறலாம்தானேம்மா? ரிட்டயர் ஆகற வரைக்கும் யாரும் என்னை இறக்க முடியாதுதானே?”

அவள் ஒன்றும் புரியாமல் அவரையும் கிரேனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அதை நான் எப்படிங்க சொல்றது? நாங்க ரத்த தானம் வாங்க வந்தவங்க. அந்தக் கட்டில்ல போய்ப் படுங்க, ஒரு பை எடுத்துக்கறோம். எடுத்தப்புறம் இன்னிக்கு மட்டும் தயவு செஞ்சு கிரேன்ல ஏறிடாதீங்க!”