இரண்டு ஆங்கிலமும் ஒரு பூட்டிய வீடும்

எனக்குப் பேயைவிட ஆங்கிலத்துக்குத்தான் பயம் கூட. பேய் வந்தால் ஓடலாம். ஆங்கிலம் வந்தால் நின்று பதில் சொல்ல வேண்டும். (சாதாரண தரத்தில் அந்தப் பாடத்துக்கு வந்த பெறுபேறு இன்றுவரை என் மனைவிக்குத் தெரியாது.)

இணுவிலில் எங்கள் வீட்டுக்கு எதிரே மங்கை அக்காவின் மாடிவீடு. அவர் இருப்பது அமெரிக்காவில். முன்கதவுப் பூட்டின் ஒரு திறப்பு அவரிடம், மற்றது என்னிடம். அவர் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, பொழுதுபட வீடு இருட்டாய்க் கிடக்கக் கூடாது. சாமியறையிலை விளக்கு வை." பதிலுக்கு, பின்வளவில் நான் வெங்காயம் போடலாம். எங்கள் அடுப்பு எரிவது அந்த வெங்காயத்தால்தான்.

எனக்கு முன் அந்த விளக்கை வைத்தவர் மங்கை அக்காவின் தமக்கை. கலியாணம் முடிக்காமல், ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து, அந்த வீட்டிலேயே காலமானவர்.

ஒருநாள் மங்கை அக்காவின் மகள் மீரா, 5/8 அன்று தனியே வருவதாக ஆங்கிலத்தில் வாட்ஸ்அப் அனுப்பினாள். ஓகஸ்ட் ஐந்துக்கு இன்னும் காலம் கிடக்கிறது என்று நினைத்தேன்.

"ஒருக்கா போன் எடுத்துக் கேளுங்கோவன்" என்றாள் மனைவி.

"ஏன், எனக்கு இலக்கமும் வாசிக்கத் தெரியாதே?"

(எடுத்தால் கதைக்க வேண்டி வருமே!) 'ஓகே' என்று போட்டுவிட்டு வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டப் போனேன்.

மே மாதத்தில் ஒருநாள், பொழுதுபடுகிற மம்மல் நேரம். மழை இருட்டு. மின்சாரமும் இல்லை. எண்ணெய்ப் போத்தலோடு போனால், முன்கதவில் ஆமைப்பூட்டு திறந்தபடி தொங்கியது. உள்ளே எட்டிப் பார்த்தேன். சாமியறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கள்ளன் என்று நினைத்திருக்கலாம். ஆனால் விளக்கு வைக்கிற கள்ளனை நான் கேள்விப்பட்டதில்லை.

அப்போதுதான் மாடியில் கேட்டது. ஒரு அடி. பிறகு ஒரு இழுவை. ஒரு அடி. ஒரு இழுவை. படியின் உச்சிவரை வந்து நின்றது. நான் மூச்சு விடவில்லை. மேலே நின்றதும் விட்டதாகத் தெரியவில்லை.

எப்படி வெளியே வந்தேனோ தெரியாது. கதவைச் சாத்தி ஆமைப்பூட்டை அமத்தியது மட்டும் ஞாபகம். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் கதவைத் தட்டித் தட்டிக் கத்தியது.

வீட்டுக்கு ஓடினேன். "அவ வந்திட்டா! இங்கிலீஷிலை கத்திறா!"

"அவ எப்பவப்பா இங்கிலீஷ் படிச்சவ?" என்றாள் மனைவி. "என்ன கேக்கிறா?"

"ஃப்ளாஷ்லைட்டாம். படம் எடுக்கப் போறாபோலை!"

மனைவி ஒரு கையில் திருநீறும் மறு கையில் டோர்ச்சுமாகப் போய்ப் பூட்டைத் திறந்தாள். வாசலில் மீரா நடுங்கிக்கொண்டு நின்றாள். டோர்ச்சைக் கண்டதும், "ஃப்ளாஷ்லைட்! தாங்க்யூ ஆன்ட்டி!" என்று கட்டிப்பிடித்தாள். அவர்கள் ஊரில் மாதத்தைத்தான் முதலில் எழுதுவார்களாம். 5/8 என்றால் மே எட்டு. பொழுதுபட்டதும் விளக்கு வைக்கச் சொல்லி அம்மா போனில் சொன்னாராம்.

"எங்கை பிள்ளை இருந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஃபர்ஸ்ட் ஃப்ளோர்லதான், அங்கிள். முழுக்க."

அப்பாடா! மேல்மாடிதானே?

அன்றிரவே மங்கை அக்கா போன் எடுத்தார். "என்ரை பிள்ளையைப் பேய் எண்டு பூட்டி வைச்சியாம்?" என் கண்முன் வெங்காயப் பாத்தி முழுவதும் காய்ந்து போனது. அவர் சிரித்துவிட்டார். "தானாய் எரிஞ்ச விளக்கைக் கண்டு பயந்தனியெண்டால், மற்ற நாளெல்லாம் நீ ஒழுங்காய் வைக்கிறாய் எண்டுதானே அர்த்தம். திறப்பு உன்னட்டையே இருக்கட்டும்."

மீரா திரும்பிப் போகிற அன்று விளக்குமாறும் கையுமாகப் போனேன். "ஃபர்ஸ்ட் ஃப்ளோரைக் கூட்டி விடுறன், பிள்ளை" என்றபடி மாடிப்படியில் கால் வைத்தேன்.

"அது செகண்ட் ஃப்ளோர், அங்கிள்." தான் நின்ற கீழ் விறாந்தையைக் காட்டினாள். "எங்களுக்கு இதுதான் ஃபர்ஸ்ட். மேல நான் ஏறவே இல்லையே."

எடுத்து வைத்த காலை மெதுவாகத் திரும்ப எடுத்தேன்.

இன்றும் எண்ணெய்ப் போத்தலோடு நான் வெளிக்கிட்டால் மனைவி கேட்பாள்: "என்னப்பா, அண்டைக்கு மேலை நடந்தவ எங்கடை இங்கிலீஷோ, அவையின்ரை இங்கிலீஷோ?" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வெங்காயமும் நன்றாகத்தான் விளைகிறது. மாடி மட்டும் இன்னும் கூட்டுப்படவில்லை.