ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் கணக்கு

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் கூத்தாநல்லூருக்குப் போவதில்லை என்று ஒரு ஜும்மா முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போதே முடிவெடுத்துவிட்டேன். முடிவெடுப்பதில் நான் புலி. அதை ஷமீராவிடம் சொல்வதில்தான் கொஞ்சம் பூனை.

கூத்தாநல்லூர் என் மாமனார் ஊர். குறை ஒன்றும் இல்லை. மாமி பிரியாணிக்குத் தம் போட்டால் அடுத்த தெருவுக்கும் பசிக்கும். ஆனால் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் மாமனார் லியாகத் அலி என்னை எதிரே உட்காரவைத்து, சிங்கப்பூரில் தான் கடை வைத்த கதையை ஆரம்பித்துவிடுவார். சிங்கப்பூரையே அதைவிடச் சீக்கிரம் கட்டி முடித்திருப்பார்கள். நடுவில் மருமகன் கொட்டாவி விடக் கூடாது. நானோ வாரம் முழுக்கப் பட்டுக்கோட்டைத் தேங்காய் மண்டியில் கால் கடுக்க நிற்கிறவன். எனக்கு இந்த உலகத்தில் இருப்பது ஒரே ஆசை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வயிறு நிறைந்திருக்க, ஃபேனுக்குக் கீழே பாய் விரித்து ஒரு தூக்கம்.

வழி பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. கல்யாணம் சார் வங்கியில் வேலை பார்ப்பவர்.

“பாய், எங்க விஸ்வாவுக்குக் கணக்குன்னாலே காய்ச்சல் வருது. திருச்சில ஒரு மிஸ் ஆன்லைன்ல சொல்லித் தர்றாங்க. நாலு பிள்ளைங்க சேர்ந்தா தனிக் குழுவாவே எடுப்பாங்களாம்.”

என் மூளையில் பல்பு எரிந்தது. எங்கள் ஜாஹித் ஏழாவது, அவன் தங்கை ஆயிஷா ஆறாவது. விஸ்வாவோடு மூன்று. எதிர்வீட்டு சித்தீக்கைச் சேர்த்தால் நாலு.

“சார், கிளாஸ் எங்க வீட்டு ஹால்லயே நடக்கட்டும். பெரிய டிவில போட்டுடலாம். ஞாயித்துக்கிழமை காலைல பதினோரு மணி.”

“அன்னைக்கு நீங்க மாமனார் வீட்டுக்குப் போவீங்களே?”

“பிள்ளைங்க படிப்பைவிடவா சார் பிரியாணி!”

கல்யாணம் சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். சொன்ன எனக்கே கண் கலங்கிவிட்டது.

ஒரு மணிக்குக் கிளாஸ் முடியும். உடனே சாப்பாடு. ஒன்றரைக்குப் பாய். ஷமீரா சண்டைக்கு வந்தால் சொல்ல வேண்டிய பதில்களை மண்டியில் மூட்டைகளிடம் சொல்லிப் பழகிக்கொண்டேன். ஒரு மூட்டைகூட எதிர்த்துப் பேசவில்லை.

ஷமீராவும் பேசவில்லை.

“நல்ல விஷயம்தானே மச்சான். எனக்கென்ன வருத்தம்?”

பழகிய பதிலெல்லாம் வீண். பரவாயில்லை, வெற்றி வெற்றிதான்.

மறுநாள் சாயந்திரம் கையில் போனோடு வந்தாள்.

“மிஸ்கிட்ட நானே பேசிட்டேன் மச்சான்.”

“உனக்கு ஏம்மா சிரமம்?”

“பதினோரு மணிக்கு அவங்களுக்கு வேற குழு இருக்காம். ரெண்டு மணிக்குத்தான் முடியுமாம்.”

“ராத்திரி ரெண்டா?” நப்பாசையில் கேட்டேன்.

“மத்தியானம் மச்சான். ரெண்டுலேர்ந்து நாலு. அப்புறம் ஒரு சட்டம் இருக்காம். கிளாஸ் முடியிற வரைக்கும் வீட்டுப் பெரியவங்க ஒருத்தர் கூடவே உட்காரணுமாம். முகம் கேமராவுல தெரியணுமாம்.”

“அதான் நீ இருக்கியே.”

“நானும் போகலேன்னா அம்மா சோறு திங்காது. நான் மட்டும் மன்னார்குடி பஸ்ஸப் புடிச்சுப் போயிட்டுப் பொழுது சாய வந்துர்றேன். நீங்க கவலைப்படாதீங்க, அத்தாகிட்ட நான் எடுத்துச் சொல்லிக்கிறேன். மருமகன் பிள்ளைங்க படிப்புக்காகத் தியாகம் பண்றாருன்னு.”

“தியாகமெல்லாம் பெரிய வார்த்தை.”

“பக்கத்து வீட்டு விஜயம் அக்கா அந்த வார்த்தையைத்தான் தெரு பூரா சொல்லிட்டு வர்றாங்க. அவங்க வீட்டுக்காரரு கல்யாணம் சார் வீட்டுக்குப் போய் அழுதுட்டாராமே?”

தெரு பூரா தியாகியாகிவிட்டவன் எப்படிப் பின்வாங்குவது?

முதல் ஞாயிற்றுக்கிழமை. ஷமீரா காலையிலேயே நெய்ச்சோறும் தால்ச்சாவும் ஆக்கி வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள். அது சாப்பாடு இல்லை, மயக்க மருந்து. ரெண்டு மணிக்கு டிவி நிறைய ஸ்ரீவித்யா மிஸ் வந்தார். பின்னம் என்றார். என் இமைகள் கழித்தலைத் தொடங்கின.

“அங்கிள், உங்க கேமரா ஒரு பக்கமாச் சாயுது பாருங்க.”

“சாயறது கேமரா இல்ல மிஸ்,” என்றாள் ஆயிஷா. “அத்தா.”

பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். நான் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். கேமராவுக்குப் பயந்து விழித்திருக்கும் மனிதனுக்குச் சிங்கப்பூர்க் கதைகூடத் தாலாட்டாகத் தெரியும்.

அடுத்தடுத்த வாரங்களும் அப்படியே போயின. ஆனால் மண்டிக்காரன் மூளை சும்மா இருக்குமா? மிஸ் ஒருநாள், “இன்னைக்குக் குடுத்த கணக்கை முடிச்சிட்டா, சீக்கிரமே விட்டுடுவேன்,” என்றார். ஆஹா! பிள்ளைகள் யோசித்தால்தானே நேரமாகும்? நான் சொல்லிக் கொடுத்தால்? வாயைத் துண்டால் மூடிக்கொண்டு விடைகளை விடத் தொடங்கினேன். ஜாஹித் பிடித்தான். விஸ்வா பிடித்தான். கணக்குகள் பறந்தன. மூன்று மணிக்குள் பாய் உறுதி என்றிருந்தேன். கடைசிக் கணக்கைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. தேங்காய்! மீன்குஞ்சுக்கு நீச்சல் பாடம்!

“உங்க ஊருக்காகவே ஒரு கணக்கு. ஒரு தோப்புல ரெண்டாயிரத்து முந்நூறு தேங்காய். நூறு நூறா எண்ணி வியாபாரிகிட்ட போடறாங்க. எத்தனை நூறு?”

“இருபது,” என்றது துண்டு.

“இருபது மிஸ்!” என்றார்கள் நாலு பேரும் ஒரே குரலில்.

மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். “இருபத்தி மூணு வரணுமே. நாலு பேருக்கும் எப்படி ஒரே தப்பு?”

தப்பா? துண்டை உதறித் தோளில் போட்டேன். என் படிப்பைச் சொல்லுங்கள், பொறுத்துக்கொள்வேன். என் தேங்காயைச் சொன்னால்?

“தப்பில்லீங்க மிஸ். எங்க பக்கம் நூறு காய்னா நூத்திப் பதினஞ்சு.”

“நூறுன்னா நூறுதானே அங்கிள்?”

“அது புத்தகத்துல. மண்டில அழுகல் வரும், பிஞ்சு வரும், உடைஞ்சது வரும். அதுக்காக வியாபாரிக்கு நூத்துக்குப் பதினஞ்சு லாபக்காய் சேர்த்து எண்ணணும். ரெண்டாயிரத்து முந்நூறை நூத்திப் பதினஞ்சால வகுத்துப் பாருங்க.”

மிஸ் வகுத்தார். திரும்பவும் வகுத்தார்.

“சுத்தமா இருபது வருது!”

“வராம?”

விஸ்வா மட்டும் மெதுவாக என் பக்கம் திரும்பினான். “அங்கிள், பேராவூரணில எங்க தோப்புக் காயையும் நீங்கதானே எடுக்கிறீங்க?”

“கணக்கைக் கவனி தம்பி.”

மிஸ்ஸுக்கு ஒரே உற்சாகம். “அங்கிள், அடுத்த பாடம் சதவீதம். நீங்களே தேங்காயை வச்சுப் பிள்ளைங்களுக்கு விளக்குங்களேன்? வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா.”

திருச்சி மிஸ்ஸே கேட்கிறார். என் பிள்ளைகள் என்னை ஒரு வாத்தியாரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

“தாராளமா மிஸ். வருஷம் பூராகூட விளக்குறேன்.”

சொல்லிவிட்டுத்தான் பாய் ஞாபகம் வந்தது. “ஒண்ணே ஒண்ணு மிஸ். அந்தப் பதினோரு மணிக் குழு முடிஞ்சதும் எங்களை அந்த நேரத்துக்கு மாத்திடுங்க.”

“முதல்ல அதைத்தானே அங்கிள் உங்களுக்கு ஒதுக்கி வச்சிருந்தேன்? மேடம்தான் மத்தியானமே வேணும்னு கேட்டு வாங்குனாங்க. அப்புறம்தான் அதை வேற பிள்ளைங்களுக்குக் குடுத்தேன்.”

“யாரு மேடம்?”

“உங்க மேடம்.”

எனக்குள் எங்கோ ஒரு காய் டொப்பென்று விழுந்தது. “அப்ப... பெரியவங்க ஒருத்தர் கூடவே உட்காரணும்கிற சட்டம்?”

“எந்தச் சட்டம் அங்கிள்?”

கிளாஸ் முடியும்வரைகூட என்னால் பொறுக்க முடியவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது. இன்றைக்கு அவள் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஷமீராவின் நம்பரைப் போட்டேன். நெடுநேரம் அடித்தது. எடுத்த சத்தம் கேட்டதும் வீடே அதிரக் கத்தினேன்.

“ஷமீரா! என்ன பண்ணிட்டிருக்கே அங்க?”

மறுமுனையில் மாமியின் குரல் கிசுகிசுத்தது. “மெல்லப் பேசுங்க மாப்ளே. புள்ள ஃபேனுக்கு அடியில பாயைப் போட்டு அசந்து தூங்குது.”