பிரிக்க வேண்டாம் அண்ணை, அது சாதகம் இல்லை

லா சப்பல்,
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்புக்குரிய ராதாகிருஷ்ணன் அண்ணை அவர்கட்கு,

கார்ஜ் நகரில் தாங்களும் அக்காவும் மாப்பிள்ளைத் தம்பி கிருஷிகனும் அம்பாள் அருளால் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். என் பெயர் போட்டு வந்த தபாலை இன்னும் பிரிக்காமல் இருந்தால் அந்தச் சுகம் நீடிக்கும்.

பிரித்திருந்தால் முதலில் கையைக் கழுவிவிட்டு இதை வாசியுங்கள். போனில் சொல்லத்தான் நினைத்தேன். மூன்று தரம் அழுத்தி, நீங்கள் "ஹலோ" என்றதும் வெட்கத்தில் வைத்துவிட்டேன். அந்த ஆள் நான்தான். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. போன கிழமை ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் பிரஷர் குளிசை வாங்கப் போனபோது, எங்கள் பார்மசிக்காரி மதாம் மர்கரீத், பாண்டிச்சேரிப் பிள்ளை, கடை நிறைய ஆட்களுக்கு முன்னால், "மொசியே, குடல் கேன்சர் டெஸ்ட் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டா. டொக்டர் ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். டொக்டர் சொல்லத் தேவையில்லையாம். இப்போது பார்மசியிலேயே நாலு கேள்வி கேட்டுவிட்டு டெஸ்ட்டைக் கையில் தருவார்களாம், ரிசல்ட் வந்ததும் அவவே விளங்கப்படுத்துவாவாம். மருந்து கேட்கப் போனால் சோதனை தருகிறார்கள், எனக்குத் தலை சுற்றிவிட்டது. ஒரு குழாய், ஒரு குச்சி, அதைச் சோதிக்கிற லாபோவின் விலாசம் அச்சடித்த ஒரு உறை. காலையில் கக்கூசில் குச்சியால் மலத்தைக் கொஞ்சம் தொட்டு (சம்பந்தியாகப் போகிறவருக்கு இதையெல்லாம் எழுத வேண்டி வந்ததே, ஐயோ!) குழாய்க்குள் அடைத்து, அன்றைக்கே தபாலில் போட வேண்டும்.

நான் அதைச் செய்தது வெள்ளிக்கிழமை காலை. எங்கள் மகள் தயாளினியின் சாதகத்தை உங்களுக்கு அனுப்பவும் அதுதான் நல்ல நாள் என்று என் மனைவி ஜெகதீஸ்வரி பஞ்சாங்கம் பார்த்து வைத்திருந்தா. சாதகத்தைச் சுருட்டி, நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி, நகைக்கடைச் சிவப்புப் பையில் மங்களமாக வைத்தா. நானோ தபால்காரன் கண்டுவிடக் கூடாது என்ற கூச்சத்தில் குழாயை இன்னொரு நகைக்கடைச் சிவப்புப் பையில் வைத்தேன். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு அந்தப் பைதானே கிடக்கு! "பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குது, கெதியாப் போங்கோவன்!" என்று அவ குசினியில் நின்று கத்த, நான் இரண்டு பையையும் இரண்டு உறையிலும் செருகி, ஒட்டிக்கொண்டு ஓடினேன்.

நேற்று மதாம் மர்கரீத் கோல் எடுத்தா. "மொசியே வாமதேவன், லாபோல இருந்து பேசினாங்க. குழாய் இல்லியாம். கட்டம் கட்டமா போட்ட பேப்பர் ஒண்ணு மஞ்சத்தூளோட வந்திருக்காம். அதுக்கு ரிசல்ட் சொல்ல அவங்களால முடியாதாம். எனக்கும் போட்டோ அனுப்பினாங்க, குரு எங்க இருக்கார்னு எனக்கென்ன தெரியும்? வேற குழாய் தர்றேன், மறுபடி பண்ணுங்க" என்றா. சாதகம் லாபோவிலை எண்டால், அண்ணை, மற்றது எங்கை?

ஜெகதீஸ்வரி தலையிலை அடிச்சு அழுறா. "ஏழு வருசமா வந்த இடமெல்லாம் வேண்டாம் எண்ட பிள்ளை, இந்தப் பெடியனுக்குத்தான் ஓம் எண்டவள். அதையும் கெடுத்துப்போட்டியளே" எண்டு. உண்மைதான் அண்ணை. என்ரை பிழைக்கு என்ரை பிள்ளையை ஒதுக்கிப்போடாதேங்கோ. அவள் தங்கம், தகப்பன்தான் விசரன். எனக்கு இப்ப ரெண்டு பயம், குடலிலை என்ன இருக்கோ எண்டு ஒண்டு, உங்கடை வீட்டு மேசையிலை என்ன இருக்கோ எண்டு மற்றது. அந்த உறையைக் கதவுக்கு வெளியிலை வைச்சுவிடுங்கோ, நாளைக்கு வந்து எடுத்துக்கொண்டு ஓடிப்போறன். புதுச் சாதகத்தை, சம்பந்தம் பேசின கோசலை அக்காவிட்டையே குடுத்துவிடுறன்.

அக்காவுக்கு எங்கள் வணக்கம். தம்பிக்கு எங்கள் ஆசீர்வாதம், அதை வாங்கும் மனம் அவருக்கு இன்னும் இருந்தால்.

தலை குனிந்தபடி,
வாமதேவன்

பி.கு.: இதை ஒட்டப்போக, கோசலை அக்கா கோல் எடுத்தா. எங்கடை உறை நேற்றுக் கிடைச்சு, நேற்றே நீங்கள் சாதகத்தை உங்கடை சாத்திரியாரிட்டைக் காட்டிப்போட்டியளாம். பத்துக்கு எட்டுப் பொருத்தமாம், செவ்வாய்க் குற்றம் துப்புரவா இல்லையாம், ஆவணியிலை நாள் வைக்கலாமாம். ஜெகதீஸ்வரி அழுகையை விட்டிட்டுப் பாயசத்துக்குப் பால் வைக்கிறா. தயாளினி சிரிக்கத் தொடங்கினவள், இன்னும் நிப்பாட்டேல்லை. ஆகவே மேலே எழுதினது ஒண்டும் நடக்கேல்லை, மறந்துபோடுங்கோ. லாபோக்காரர் பதினைஞ்சு நாள் கேட்கிறதை உங்கடை சாத்திரியார் ஒரே நாளிலை வாசிச்சுப்போட்டார், கெட்டிக்காரன்தான். ஒண்டே ஒண்டு மட்டும் அண்ணை: என்ரை குடலிலை ஒண்டும் இல்லைத்தானே எண்டு அவரிட்டை ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ.