ஏழாம் இலக்கச் சப்பாத்து

இனிமேல் பின்னேரங்களில் தேங்காய் திருவுவதில்லை என்று நான் தீர்மானம் எடுத்தேன். மனதுக்குள்தான் எடுத்தேன். வாய்விட்டுச் சொல்லுமளவுக்கு எனக்கு இன்னும் புத்தி கெடவில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு. மட்டக்களப்பில் கந்தோர் நாலேகாலுக்கு விடும். ஆறரைக்குப் பிறகு தெருவில் நாய்களும் கவச வாகனங்களும்தான். இடையில் கிடக்கிற இரண்டேகால் மணித்தியாலம்தான் மனிதன் மனிதனாக நடமாடும் நேரம். அந்த நேரத்தில் நான் அரசடியில் எங்கள் வீட்டுக் குசினியில் திருவலையின் மேல் குந்தியிருப்பேன். எங்கள் வீடு என்பது பேச்சுக்கு. அது என் மனைவி சீதேவிப்பிள்ளையின் சீதனம். கிணறு, ஏழு தென்னை, ஒரு தேக்கு அலுமாரி எல்லாம் வீட்டோடு வந்தவை. பிறகு வந்து சேர்ந்தது நான் ஒருவன்தான். அந்த ஏழு தென்னையும் என்மேல் என்ன கோபமோ, வருடம் முழுக்கக் காய்த்துத் தள்ளின.

இப்படியிருக்கும்போது கந்தோரில் விளையாட்டுக் கழகம் தொடங்கினார்கள். பழைய மண்டபமொன்றில் கோடு கீறி, வலை கட்டி, செவ்வாயும் வியாழனும் பட்மின்டன். மேசையில் வயிறு முட்டுகிறவர்கள் கட்டாயம் சேரவேண்டும் என்று சுற்றறிக்கையில் இல்லை. ஆனாலும் அதை வாசித்த எல்லோரும் நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து மெல்லக் கதையை எடுத்தேன்.

"இஞ்ச பாருகா, டொக்டர் என்னை ஓடச் சொல்லியிரிக்கார்."

"என்ன செஞ்சிங்க, ஓடுறதுக்கு?"

"பகிடி விடாத. வயிறு குறையணுமாம். கந்தோரில பட்மின்டன் தொடங்கியிரிக்கு. சேரட்டா எண்டு கேக்கன்."

பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியைக்கூட நிறுத்தவில்லை.

"சேருங்களன். ஆர் வேணாமெண்ட?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யுத்தத்துக்கு ஆயத்தமாகப் போனவனுக்கு எதிராளி தேத்தண்ணி ஊற்றித் தந்தால் எப்படியிருக்கும்!

"அங்கத்துவம் தனி ஆளுக்கா, குடும்பத்துக்கா?" என்று கேட்டாள்.

"ரெண்டுக்கும் ஒரே சந்தாதான்."

"மறுகா என்னத்துக்குத் தனி ஆள்? குடும்பமெண்டே எழுதுங்க. கந்தோருக்குச் சும்மா விட்டுக் குடுக்கிறதா?"

சிக்கனமான பெண். பெருமையாக இருந்தது. அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த சிக்கல் சப்பாத்து. செருப்போடு மண்டபத்துக்குள் வரக்கூடாது. வெறுங்காலும் கூடாது. அடி கறுப்பான சப்பாத்தும் கூடாது, நிலத்தில் கோடு விழும். என் பக்கத்து மேசை கதிர்காமத்தம்பி இரண்டு கிழமை முந்தியே சேர்ந்தவன். அதனால் பேராசிரியராகிவிட்டான்.

"ஓடுற சப்பாத்த மட்டும் எடுத்திராத. குதி உயரம். பக்கத்தால பாயக்குள்ள கால் கிறுகினா ஆசுப்பத்திரிதான். அடி தட்டையா இரிக்கணும். தேன் நிறத்தில இறப்பர். பெருவிரலுக்கு முன்னால ஒரு நெல்லு கிடக்க இடம் விடணும். விலை கூடினதும் வேணாம். நீயும் நானும் அடிக்கிற அடிக்கு அந்தச் சப்பாத்துக்குத்தான் வெக்கம்."

மலிவாக எங்கே வாங்கலாம் என்று நான் கேட்பதற்கு முன்னமே சீதேவிப்பிள்ளையிடம் பதில் இருந்தது.

"காத்தான்குடியில சாலிஹ் நானாட கடை. நான் குடை வாங்கின இடம். சனிக்கிழமை விடியவே போங்க. பின்னேரம் போனா பாலத்தடிச் செக்பொயின்டில கியூ ஊர்ந்துதான் வரும்."

"விடியவே போறன்."

"புதுச் சப்பாத்தோடயா பாலத்தால வரப்போறீங்க? ஆருக்குக் கொண்டு போறாய் எண்டு கேக்கமாட்டானா? காட்டுக்குள்ள இரிக்கிறவங்களுக்கு எண்டு நினைச்சானெண்டா?"

டோர்ச் லைட் பற்றரி நாலை ஒன்றாக வாங்கிய மனிதன் இரண்டு நாள் உள்ளே இருந்து வந்த காலம் அது.

"அப்ப என்னகா செய்ற?"

"பாலத்துக்கு அங்கால களப்புக் கரையில இறங்குங்க. சப்பாத்தப் போட்டுக்கொண்டு சேத்தில நல்லா மிதிங்க. பழசெண்டு விட்டிருவான்."

புருஷன் பத்திரமாக வீடு வரவேண்டும் என்று ஒரு பெண் இவ்வளவு தூரம் யோசிப்பாளா? எனக்குக் கண் கலங்கியது. அன்று இரண்டு தேங்காய் கூடுதலாகத் திருவினேன்.

சனிக்கிழமை விடியவே காத்தான்குடிக்குப் போனேன். சாலிஹ் நானா கடைக்கதவைப் பாதிதான் திறந்திருந்தார்.

"வாங்க ஐயா, வாங்க. பட்மின்டனுக்குத்தானே?"

நான் வாயே திறக்கவில்லை. என் உடல்வாகில் ஒரு விளையாட்டு வீரனைக் கண்டுகொண்டார் என்று மகிழ்ந்துபோனேன். நீலப் பட்டி போட்ட ஒரு சோடியை எடுத்து முன்னால் வைத்தார். நான் லேசில் ஏமாறுகிற ஆள் இல்லையே! வளைத்துப் பார்த்தேன். நகத்தால் கீறிப் பார்த்தேன். மணந்தும் பார்த்தேன். அடி தட்டை, நிறம் தேன், குதி தாழ்வு. இலக்கம்தான் ஏழு.

"எனக்கு எட்டெல்லோ நானா?"

"இந்தக் கொம்பனிக்காரன் ஏழாம் இலக்கத்தையே பெரிசா அடிக்கிறவன் ஐயா. காலை வையுங்களன்."

வைத்தேன். கால் போய்விட்டது. நெல்லுக்கு இடமிருந்ததா என்றால், விரலை மடக்கினால் இருந்தது.

"கொஞ்சம் பிடிக்குதே?"

"விளையாட்டுச் சப்பாத்து பிடிக்கத்தான் வேணும். போடப் போட விடும். சரிவராட்டி ஒரு கிழமைக்குள்ள கொண்டு வாங்க, மாத்தித் தாறன். அடியில அழுக்குப் படாம இரிந்தாச் சரி."

விலையைச் சொன்னார். அத்தனை மலிவு. அந்தச் சந்தோஷத்தில் கடைசியாகச் சொன்னது என் காதில் ஏறவில்லை.

கல்லடியில் பஸ்ஸை விட்டு இறங்கிக் களப்புக் கரைக்குப் போனேன். சேற்றில் நின்று மிதித்தேன். இறால் பிடித்துக்கொண்டிருந்த இருவர் வலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். பாலத்தில் ஆமிக்காரன் என் காலைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், மறுபடி காலைப் பார்த்தான்.

"மீன் பிடிக்கப் போனதா?"

"ஓம் மாத்தயா."

"மீன் எங்க?"

"கிடைக்கல்ல மாத்தயா."

"பாவம்" என்று சொல்லி விட்டுவிட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக அரசாங்கத்தை ஏமாற்றிய நிமிர்வோடு வீட்டுக்கு நடந்தேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மண்டபத்துக்குப் போய் மர வாங்கில் குந்திச் சப்பாத்தைப் போட்டேன். போகவில்லை. காலை எட்டு மணியிலிருந்து கதிரையில் தொங்கிய கால், பின்னேரமாகும்போது பால் விட்ட அப்பம் மாதிரிப் பொங்கியிருந்தது. கதிர்காமத்தம்பி குதிக்குள் கரண்டியைக் கொடுத்து நெம்பினான். பவுடர் போட்டோம். சவர்க்காரமும் பூசினோம். விளையாட வந்தவர்கள் விளையாட்டை நிறுத்திவிட்டு எங்களைச் சுற்றி நின்று யோசனை சொன்னார்கள். அவ்வளவு பேரும் சேர்ந்தும் பெருவிரலுக்குமேல் போகவில்லை.

"சப்பாத்தை விடியக்காலையில ஆராவது வாங்குவானா? பின்னேரம், கால் வீங்கினாப் பிறகு, காலுறையும் போட்டுக்கொண்டுதான் பாக்கிற" என்றான் பேராசிரியர்.

"இதை நீ முதல் சொல்லியிருக்கலாமே?"

"நீ எப்ப போறாய் எண்டு எனக்குச் சொன்னியா?"

அடுத்த நாளே அரை நாள் லீவு போட்டுக்கொண்டு காத்தான்குடிக்கு ஓடினேன். சாலிஹ் நானா சப்பாத்தைத் திருப்பி அடியைப் பார்த்தார். நான் கழுவித்தான் கொண்டுபோனேன். ஆனால் களப்புச் சேறு, கழுவினால் போகிற சாதி இல்லை.

"ஐயா, நான் தந்தது கடைச் சாமான். இது களப்புச் சாமான். இதை நான் ஆருக்கு விற்க?"

சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சீதேவிப்பிள்ளை கன்னத்தில் கைவைத்துக்கொண்டு முழுக் கதையையும் கேட்டாள். அவள் முகத்தில் அவ்வளவு கவலை.

"ஐயோ பாவம். இன்னொரு சோடி வாங்க ஒண்ணாதே இந்த மாசம்."

"ஒண்ணாதுதான்."

"சாமான் வீணாப் போகப்போகுதே" என்று சப்பாத்தைக் கையில் எடுத்தாள். "எதுக்கும் நான் ஒருக்காப் போட்டுப் பாக்கட்டா?"

போட்டாள். வார்த்து ஊற்றியதுபோல இருந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் அவள் தன் நீளச் சட்டைக்குமேல் என்னுடைய பழைய சேர்ட்டொன்றைப் போட்டுக்கொண்டு, குடும்ப அங்கத்தவராக மண்டபத்துக்குள் போனாள். நான் வெறுங்காலோடு வாசலில் நின்றேன். முதல் பந்து உயர வந்தது. இவள் இரண்டு எட்டுப் பின்னால் போய், துள்ளி, அதைக் கதிர்காமத்தம்பியின் காலடியில் இறக்கினாள். அவன் பந்தைத் தேடினான். அது அவனுக்குப் பின்னால் கிடந்தது. அடுத்ததையும் அப்படித்தான் தேடினான். பதினைந்து புள்ளிக்கு அவன் எடுத்தது இரண்டு. அதிலொன்று இவள் சிரித்ததால் விட்டது.

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். உண்மையைச் சொல்கிறேன், வரவில்லை. அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து ஆறு வருடமாகிவிட்டது. அந்த ஆறு வருடத்தில் இந்த ஊரில் சிரிக்க என்ன இருந்தது? முகமெல்லாம் வியர்த்து, கொண்டை அவிழ்ந்து, பதினேழு வயதுப் பெட்டைபோல நின்றாள். நான் கை தட்டினேன். கொஞ்சம் அதிகமாகவே தட்டிவிட்டேன்.

ஆறு மணிக்கு வீட்டுக்கு நடந்தோம். சப்பாத்துப் பை என் கையில்.

"இதெல்லாம் எங்க படிச்ச?"

"பள்ளிக்கூடத்தில மூண்டு வருசம் நான்தான் முதலாவது."

"எனக்கு ஒரு சொல்லுச் சொன்னியா?"

"கலியாணம் முடிச்சுப் பதினெட்டு வருசம். நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா?"

பேச்சை மாற்றுவோம் என்று, "சப்பாத்து எப்படி, காலுக்குச் சுகமா?" என்று கேட்டேன்.

"சுகத்துக்கு ஒரு குறையுமில்ல" என்றாள். பிறகு பையைத் திறந்து ஒருமுறை பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "ஆனா நான் போன கிழமை கடையில போட்டுப் பாத்து எடுத்து வைக்கச் சொன்னது சிவப்புப் பட்டி போட்டது. சாலிஹ் நானா நீலத்தத் தந்து உங்கள நல்லா ஏமாத்திப்போட்டார்."