மைனஸ் பதினைந்து

அச்சடித்த எழுத்தை நம்பத் தகுதியே இல்லாத ஆள் இந்த உலகத்தில் ஒருவர் உண்டென்றால், அது நான்தான். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பஞ்சிங் மிஷின் ஓட்டுகிறேன். கடையில் புதுச்சட்டையோடு நூலில் தொங்குமே ஓர் அட்டை, அந்த டேக்கில் ஓட்டை போடுவது என் வேலை. (பத்தாம் வகுப்புக்கு இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.)

ஓர் ஆடி மாதம் குளிர் ஜாக்கெட்டுக்கு டேக் ஆர்டர் வந்தது. உள்ளே செயற்கைப் பஞ்சு, வாத்து இறகுக்குச் சமமான சூடு, நனைந்தாலும் சூடு குறையாது, மைனஸ் ஐந்து டிகிரி வரை தாங்கும் என்று இங்கிலீஷில் போட்டிருப்பதாகப் புரூஃப் பார்ப்பவர் சொன்னார். பாதி ஓடியிருக்கும்போது ஜாக்கெட் கம்பெனியிலிருந்து போன். எங்கள் மேனேஜர் அண்ணாச்சி வந்து, "ஏலே, அஞ்சைத் தூக்கிட்டுப் பதினஞ்சு போடணுமாம்" என்றார்.

"அப்ப ஜாக்கெட்டும் மாறுதா அண்ணாச்சி?" என்று கட்டிங்கில் நின்றவன் கேட்டான். (நான் கேட்கவில்லை. நான் யாரிடமும் எதையும் கேட்பவன் இல்லை.)

"அது என்னத்துக்குலே மாறணும்? எழுத்துதான மாறுது."

இதை என் இரண்டு காதாலும் கேட்டேன். கேட்டுவிட்டு, அந்த அட்டைகளுக்கு ஓட்டையும் போட்டேன்.

என் மனைவி முத்துமாரிக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. பத்ரிநாத் பெருமாளை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய பல வருட ஆசை. தீபாவளி முடிந்து கம்பெனி லீவு விட்டதும் டூரில் சேர்ந்தோம். ஜாக்கெட் வாங்க மதுரைக்குப் போனால், கடையில் தொங்குகிறது என் டேக். ஓட்டை லேசாக இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. (என் மிஷின் அப்படித்தான்.) பெற்ற பிள்ளையை வெளியூரில் பார்த்தவன் போலப் பூரித்துப்போய் இரண்டு எடுத்தேன்.

முத்துமாரி துணியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். வெடிமருந்து இருக்கும் இடத்தில் உரசினால் பொறி வரும் என்று பருத்தி தவிர வேறு எதையும் உடுத்தவிடாத கம்பெனியில் இருப்பவள்.

"முழுக்கப் பாலியஸ்டரால்ல இருக்கு. எங்க போர்மேன் பாத்தாகன்னா கேட்டுலயே நிப்பாட்டிருவாக. கம்பளியையும் எடுத்துக்கிடுவோங்க."

"மைனஸ் பதினஞ்சுன்னு போட்டிருக்குல்ல, கம்பளி எதுக்கு?" என்று, பெட்டியில் அவள் வைத்த இரண்டு கம்பளியையும் எடுத்து வெளியே போட்டேன். வாழ்க்கையில் நான் அதட்டிப் பேசிய ஒரே நாள் அது.

பத்ரிநாத்தில் காலை வரிசை. தூறல். டூர்காரர் போனில் பார்த்து மூன்று டிகிரி என்றார். மைனஸ் இல்லாத, வெறும் மூன்று. கொஞ்ச நேரத்தில் ஜாக்கெட் தண்ணீரைக் குடித்து, பஞ்சு முழுக்கச் சரிந்து இடுப்பில் சேர்ந்துகொண்டது. மேலே வெறும் துணி, கீழே ஈரத் தலையணை. என் பற்கள் அடித்த அடியில் டேக்குக்கு ஓட்டை போட்டிருக்கலாம். பக்கத்தில் நின்றவரிடம் ஒரு சால்வை கேட்க வாய் வரவில்லை. கோயில் வாசல் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் கால் மடிந்து உட்கார்ந்துவிட்டேன்.

டூர் சமையல்காரர் என்னைத் தூக்கிப்போய் அடுப்போரம் வைத்து அரிசிச் சாக்கால் சுற்றினார். அந்தச் சாக்கில் டேக் இல்லை. கதகதப்பாக இருந்தது. தரிசனம் முடித்து வந்தவர்கள் ஒவ்வொருவராக என்னையும் தரிசித்துவிட்டுப் போனார்கள்.

முத்துமாரி தானும் வெடவெடத்தபடி என் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்றேன்.

"இந்தக் கோலத்துல விட்டுட்டு எங்கன போக?"

மத்தியானம் நடை சாத்தினார்கள். இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டுமென்று பஸ்ஸும் கிளம்பிவிட்டது.

எனக்கு இன்றுவரை ஆத்திரம் அடங்கவில்லை. மைனஸ் பதினைந்தில் இதைப் போட்டுக்கொண்டு எவன் நின்று பார்த்தான்? எம்புட்டு நேரம் நின்றான்? நனைந்து பார்த்தானா? ஒருவனும் இல்லை. ஒரு போன், அச்சடிக்க ஒரு புதுப் பிளேட், முடிந்தது. மலைக்குப் போகிறவன் உயிரை நம்பிக் கொடுக்கிற எழுத்து அது. அதைவிட ஆத்திரம் என்மேல். பெட்டி லேபிளில் வானம் முழுக்கப் பூ விரிவதைப் பார்த்து எங்கள் ஊரில் எவனாவது பட்டாசு வாங்குவானா?

இந்த வருடம் அதே ஆர்டர் மைனஸ் இருபத்தைந்தாக வந்தது. ஜாக்கெட் மாறியிருக்கிறதா என்று முதல்முறையாக நானே வாய் திறந்து கேட்டேன். அண்ணாச்சி என்னைக் காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஓட்டை போட்டேன்.

வீட்டில் நான் எதையாவது உறுதியாகச் சொன்னால் போதும், "இது துணியா, டேக்கா?" என்று கேட்பது எங்கள் குடும்ப வழக்கமாகிவிட்டது. கட்டிக்கொடுத்த மகள் போனில்கூடக் கேட்கிறாள். போன வாரம், வருகிற தீபாவளி முடிந்ததும் பத்ரிநாத் போகலாம் என்றேன். முத்துமாரி அரிசி களைந்தபடியே, தலை நிமிராமல் அதையே கேட்டாள்.

நான் எழுந்துபோய்ப் பரணில் இருந்த கம்பளி இரண்டையும் இறக்கி வெயிலில் காயப்போட்டேன்.