‘நம்மாளு’ ஃபோல்டரில் நின்றுபோன நிக்காஹ் அழைப்பிதழ்

பொழிச்சலூர்,
புதன்கிழமை, பகல் 12.15.

அன்பு மச்சான் சுஃபியானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் அக்கா ஷம்சாத்தும் சுகம். ஆம்பூரில் நீங்களும் உங்கள் மகள், எங்கள் மருமகள் சோயாவும் வீட்டில் மற்றவர்களும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம்.

இன்று முற்பகல் 11.40 நிலவரப்படி, சோயாவின் நிக்காஹ் அழைப்பிதழ் மேற்குத் தாம்பரத்தில் உள்ள அச்சகத்தின் கணினியில் திறக்கிறது. அச்சக முதலாளி லோகு இதைப் போனில் தெரிவித்தார். நேற்று மாலை திறந்தபோது நானே நேரில் பார்த்தேன். இயந்திரத்தில் இப்போது ஓடும் வேலை முடிந்ததும், இன்று மூன்று மணிக்கு அச்சு தொடங்கும். ஐந்நூறு அழைப்பிதழ்களும் நாளை மாலைக்குள் என் வீட்டுக்கு வந்துவிடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வண்டலூரில் உங்கள் சம்பந்தி, மாப்பிள்ளையின் அத்தா கையில் முதல் அழைப்பிதழைத் தருவதாக நீங்கள் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ஆம்பூரிலிருந்து தைரியமாகக் கிளம்பி வாருங்கள். “திங்கட்கிழமையே முடியும்னு சொன்ன வேலைக்கு ரெண்டு நாளா? மச்சான் நாப்பது வருஷம் பேப்பர்ல இருந்து என்ன பிரயோஜனம்?” என்று நேற்று நீங்கள் அக்காவிடம் கேட்டதாக அக்கா தெரிவிக்கிறார். நியாயமான கேள்வி. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். பிறகு நீங்களே சொல்லுங்கள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, பிழை திருத்தி முடித்த அழைப்பிதழை பென் டிரைவில் போட்டுக்கொண்டு லோகுவின் அச்சகத்துக்குப் போனேன். லோகுவும் நானும் இருபது வருடப் பழக்கம். அங்கே எல்லா வேலைகளும் சர்வர் என்ற பொதுக் கணினியில், ‘வரிசை’ என்ற ஃபோல்டரில், வந்த ஒழுங்கில் நிற்கும். அச்சு அறைக் கணினி அங்கிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும். கல்யாண சீசன் என்பதால் நமக்கு முன்னால் பதினொரு வேலைகள் இருந்தன. “லோகு, நம்ம வீட்டுக் கல்யாணம், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க” என்றேன். சிபாரிசுக் கடிதங்களைப் பற்றி என் பெயரில் வெளியான செய்திகள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். அவை அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. “இன்னா சார் நீ, உனுக்குப் போயி லைனா? நம்மாளு சார் நீ!” என்று சொல்லிவிட்டு லோகு சர்வர் முன்னால் தானே உட்கார்ந்தார். புதிதாக ஒரு ஃபோல்டர் திறந்து, அதற்கு ‘நம்மாளு’ என்றே பெயர் வைத்து, நம் அழைப்பிதழை அதில் போட்டு, அச்சு அறைக்கும் அது தெரியும்படி செய்தார். எட்டடி தள்ளி இருக்கும் அச்சு அறையில் போய்ப் பார்த்தோம். ஃபோல்டரின் பெயர் தெரிந்தது. திறந்தால், அனுமதி இல்லை என்று வந்தது.

இங்கே ஜாஸ்மினைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரப்பாக்கத்துப் பெண், அச்சகத்தின் கணினிகளைப் பராமரிப்பவர். போன தீபாவளிக்கு முன்பு யாரோ ஒரு வாடிக்கையாளரின் பென் டிரைவில் வந்த வைரஸ் மூன்று நாள் அச்சகத்தையே முடக்கிப் போட்டது. அதற்குப் பிறகு அவர் லினக்ஸ் சர்வர் வைத்தார், மற்ற கணினிகளின் பென் டிரைவ் துளைகளை டேப் ஒட்டி அதன் மேல் கையெழுத்தும் போட்டு மூடினார், சர்வருக்குள் ஒரு காவலையும் முடுக்கிவிட்டார். மச்சான், இப்படி ஒரு காவலை நான் கோட்டையிலும் பார்த்ததில்லை, கோர்ட்டிலும் பார்த்ததில்லை. சாதாரணக் கணினியில் ஃபைல் யாருடையதோ அவர் யாரை அனுமதிக்கிறாரோ அவர் பார்க்கலாம், அவ்வளவுதான். இந்தக் காவல் அதற்கும் மேலே உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள், ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு லேபிள், எந்த லேபிள் எதைத் தொடலாம் என்று ஒரு விதிப்பட்டியல். பட்டியலில் இருந்தால் உண்டு. இல்லையென்றால் கேட்பது யாராக இருந்தாலும் கிடையாது.

லோகுவுக்கு இது புரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை. முதலாளி பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தார். இல்லை என்றது. “யோவ், நான்தான்யா ஓனரு! எங்கிட்டயே இல்லன்றியா?” என்று கணினியிடம் கேட்டார். பிறகு சர்வருக்குப் போய், யார் வேண்டுமானாலும் அந்த ஃபோல்டரைப் படிக்கலாம் எழுதலாம் என்று ஒரு கட்டளை கொடுத்தார். “ரோட்ல போறவன்கூட எடுக்கலாம் சார் இப்போ. அப்டித் தொறந்து உட்டுக்கீறேன்” என்று வந்து திறந்தால் மறுபடியும் அனுமதி இல்லை. “பேஜாரா கீது சார். அந்தக் காவலையே ஆஃப் பண்ணிடறேன், ஒரே ஒரு வரிதானாம், வீடியோல காட்றான்” என்று அவர் எழுந்தபோது நான் ஜாஸ்மினைப் போனில் பிடித்தேன். அவர் மின்சார ரயிலில் இருந்தார். “லோகு அண்ணா, அதை ஆஃப் பண்ணீங்கன்னா போன தீபாவளி திரும்பி வரும், சொல்லிட்டேன். எதை ஏன் நிறுத்தினேன்னு அது எழுதி வெச்சிருக்கும். சாரைப் படிக்கச் சொல்லுங்க, அவர் படிக்கறவர்தானே. நான் புதன்கிழமை மதியம் வரேன்” என்றார்.

படித்தேன், மச்சான். செவ்வாய்க்கிழமை முழுவதும் படித்தேன். நாற்பத்தோரு வருடம் செய்தி எழுதியவன் சொல்கிறேன், அப்படி ஒரு செய்தி என் வாழ்நாளில் நான் எழுதவில்லை. எந்த நொடியில் நடந்தது, அந்த நொடியின் ஆயிரத்தில் எத்தனையாவது பங்கில், எந்த புரோகிராம் கேட்டது, என்ன செய்யக் கேட்டது, எந்த ஃபைலை, கேட்டவர் லேபிள் என்ன, கேட்கப்பட்டதன் லேபிள் என்ன, முடிவு என்ன: எல்லாம் ஒரே வரியில். ஒரு பெயரடை கிடையாது. ‘கூறப்படுகிறது’ கிடையாது. ‘நம்பத்தகுந்த வட்டாரங்கள்’ கிடையாது. மொத்தம் முப்பத்தொரு மறுப்புகள். லோகு கோபத்தில் அடுத்தடுத்து அடித்த பதினேழு தடவையும் தனித்தனியாகப் பதிவாகியிருந்தது. அதில் எங்கேயும் லோகு முதலாளி என்ற குறிப்பு இல்லை. தாலுகா ஆபீஸில் ஒரு பெயரைச் சொன்னால் நாற்காலி வரும், ஆஸ்பத்திரியில் ஒரு பெயரைச் சொன்னால் டாக்டர் வருவார், இதெல்லாம் நாம் பார்த்ததுதான். யார் பெயரைச் சொன்னாலும் காதில் வாங்காத ஒன்று தாம்பரத்தில், ஒரு பழைய மேஜைக்கு அடியில், தூசி படிந்து உட்கார்ந்திருக்கிறது. நான் எழுந்து நின்றேன் என்று சொன்னால் மிகையில்லை. முதுகுவலியும் ஒரு காரணம்.

காரணமும் அந்தப் பதிவிலேயே இருந்தது. ‘வரிசை’ ஃபோல்டரில் உள்ளவற்றுக்கு, பகிர்ந்துகொள்ளலாம் என்ற லேபிள். லோகு புதிதாகத் திறந்த ‘நம்மாளு’ ஃபோல்டரை விதிப்பட்டியலுக்குத் தெரியாது. ஆகவே அதில் இருந்த சோயாவின் அழைப்பிதழுக்கு, எதிலும் சேராதது என்ற லேபிள். எதிலும் சேராததை ஃபைல் பகிரும் புரோகிராம் தொடக்கூடாது என்பது விதி. லேபிளை மாற்றுவதற்கான கட்டளையை, ஜாஸ்மின் சர்வர் பக்கத்தில் வைத்திருந்த கையேட்டில் தேடி எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக நானே தட்டினேன். மாலை 5.10க்கு அச்சு அறையில் அழைப்பிதழ் திறந்தது. பொன்னிற ஓரத்துக்கு நடுவில் சோயாவின் பெயர். “சார், நீ ரிப்போர்ட்டரே இல்ல சார், இன்ஜினீரு!” என்று லோகு கத்தினார். நான் மறுக்கவில்லை. ஆகவே மச்சான், என்ன பிரயோஜனம் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: செல்வாக்கும் கொஞ்சம் படிப்பும் இருந்தால் எந்தக் காவலையும் கடந்துவிடலாம்.

அக்கா உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் சலாம் சொல்லச் சொன்னார். சோயா வெயிலில் அலைய வேண்டாம் என்றும் சொன்னார். அல்லாஹ் அந்தப் பிள்ளையின் வாழ்வில் பரக்கத் செய்வானாக. இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து அக்கா உங்கள் போனுக்கு அனுப்புவார்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
முஸ்தபா

பி.கு. (மாலை 4.50): அக்கா படம் பிடிப்பதற்குள் நிலவரம் மாறிவிட்டது. மேலே எழுதியதில் நடந்து முடிந்தவற்றின் நேரங்களைத் தவிர மற்றவற்றை நம்ப வேண்டாம். அச்சு தொடங்குவதைப் பார்க்க நான் அச்சகத்துக்குப் போனேன். ஜாஸ்மின் 2.20க்கு அங்கே வந்தார். வழக்கம்போல சர்வர் முழுவதும் லேபிள்கள் விதிப்பட்டியல்படி இருக்கின்றனவா என்று ஒரு சரிபார்ப்பு ஓட்டினார். நான் மாற்றிய லேபிளை அது பழையபடியே ஆக்கிவிட்டது. அழைப்பிதழ் திறக்கவில்லை. “சார், நீங்க லேபிளை ஃபைல் மேல ஒட்டினீங்க, ரூல்ல எழுதலை. ரூல்ல இல்லாததை அது பிச்சுப் போட்டுடும்” என்றார். எழுதிவிடலாமே அம்மா என்றேன். “எழுதலாம் சார், ஒரு நிமிஷ வேலைதான். ஆனா ஒவ்வொரு ஃபோல்டரும் எதுக்குன்னு என் நோட்டுல காரணம் எழுதுவேன். இந்த ஃபோல்டர் எதுக்கு சார்?” என்று பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார். லோகு என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பிறகு ஜாஸ்மின் அழைப்பிதழின் நகல் ஒன்றை ‘வரிசை’ ஃபோல்டரில் போட்டார். முதல் தடவையிலேயே திறந்தது. திங்கட்கிழமை நமக்கு முன்னால் நின்ற பதினொரு வேலைகளும் செவ்வாய் பகல் ஒரு மணிக்கே முடிந்து போய்விட்டன என்பதை லோகுவின் டெலிவரி நோட்டில் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். நமக்குப் பின்னால் வந்த ஒரு காதுகுத்து அழைப்பிதழும் செவ்வாய் மாலையே போய்விட்டது. பன்னிரண்டாவதாக நின்றிருந்தால் நம்முடையதும் போயிருக்கும். அங்கே போடலாம் என்று இரண்டு நாளும் எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. இப்போது நமக்கு முன்னால் பத்தொன்பது வேலைகள். “உடு சார், மொதல்ல உன்னுத ஓட்டிர்றேன்” என்றார் லோகு. ஜாஸ்மின் நோட்டை இன்னும் மூடவில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மூன்று விநாடி பிடித்தது.

இன்னும் தெரிய வேண்டியவை: அச்சு முடிவது வெள்ளி முற்பகல் 11.30 என்கிறார் லோகு; இரண்டாவது ஆதாரம் கிடைக்கவில்லை. ஜும்ஆ 1.15க்கு. நீங்கள் வீட்டுக்கு வராமல் நேராக அச்சகத்துக்கு வாருங்கள், நான் வாசலில் நிற்பேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர் வரை நெரிசல் எப்படி என்பது வெள்ளி நண்பகல்தான் தெரியவரும்.