பைய தாரேன்

வக்கீல் வைக்காமல், கட்டணம் கட்டாமல், யாரிடமும் கையைக் கட்டி நிற்காமல், மக்கள் நீதிமன்றத்தில் தானே வாதாடிக் கடனை வசூலிப்பது என்று சொரிமுத்து அண்ணாச்சி முடிவெடுத்தார். அன்று மாலைக்குள் பேட்டையில் அவர் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. வீடு வீடாக அவரே போய்ச் சொன்னால் தெரியாமல் இருக்குமா?

அண்ணாச்சிக்கு டவுனில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை. எப்பேர்ப்பட்ட கருகிப்போன மோட்டாரையும் ஓட வைத்துவிடுவார். அதில் அவருக்குப் பெருமை. தன்னை எவனும் ஏமாற்ற முடியாது என்பதில் அதைவிடப் பெருமை. ஆனால் யாராவது "அண்ணாச்சி" என்று குழைந்து கூப்பிட்டால் போதும், சட்டைப் பை தானாகத் திறந்துகொள்ளும். மனைவி பாக்கியவதி இதற்கு ஏமாளித்தனம் என்று பெயர் வைத்திருந்தாள். அவர் தாராளம் என்று வைத்திருந்தார்.

அப்படிக் குழைந்தவன்தான் சீவலப்பேரி வன்னியராஜ். வயல் மோட்டார் கருகிப் பயிர் வாடி நின்ற நேரத்தில் வந்து, நாற்பதாயிரம் கைமாற்று வாங்கிப் போனான். ஆறே மாதத்தில் தருவதாகப் பேச்சு. இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. எப்போது போன் போட்டாலும் ஒரே பதில்தான்.

"ஏலே, என் துட்டு என்னாச்சு?"

"பைய தாரேன்லா அண்ணாச்சி!"

பைய என்றால் எங்கள் ஊரில் மெதுவாக என்று அர்த்தம். பைய நடக்கலாம், பைய பேசலாம், பைய சாப்பிடலாம். வாங்கின கடனையும் பைய தருவேன் என்றால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? அவன் அடுத்த வார்த்தை பேசுமுன் அண்ணாச்சி போனை வைத்துவிடுவார்.

வழக்கு நாள் வந்தது. காலையிலேயே சோறு கேட்டார். வாதாடப் போகிறவனுக்கு இட்லி தாங்காதாம்.

"ஏட்டி பாக்கியம், இது எந்தக் கடை அரிசி? சோறு பூவா இருக்கு."

"நமக்குப் பழக்கமான எடந்தான்."

"இருக்கும்லா. மாசாமாசம் அரிசிக்குன்னு தனியா துட்டு தாரேன்லா."

"இந்த மாசத்துக்கு இன்னும் தரல."

அண்ணாச்சி சட்டைப் பையை வழித்துக் கொடுத்தார். போகிற பஸ்ஸுக்கு மட்டும் சில்லறை வைத்துக்கொண்டார். வரும்போதுதான் நாற்பதாயிரம் இருக்குமே!

"என்னங்க, கோர்ட்டெல்லாம் வேண்டாம். நான் ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. அந்த வன்னியராஜ்…"

"சட்டத்துல பொம்பளைக்கு என்னட்டி தெரியும்?"

"அதில்லங்க. அவன் வந்து…"

"அவன் வந்து கால்ல விழுந்தாலும் விடமாட்டேன்!"

பாக்கியம் பெருமூச்சு விட்டாள். "சரி, நானும் வாரேன்."

"வா, வா. புருசன் வாதாடுத அழகப் பாரு."

பாளையங்கோட்டையில் கோர்ட்டுக்குள் நுழைந்ததும் அண்ணாச்சிக்குச் சின்ன அதிர்ச்சி. நீதிபதி ஒரு பெண். பேச்சைக் கேட்டால் கோயம்புத்தூர்ப் பக்கம். அடுத்த அதிர்ச்சி, வன்னியராஜ் ஓர் அரிசிப் பையைத் தோளில் சுமந்து வந்து வாசலோரம் இறக்கி வைத்தான். மூட்டை தூக்கிப் பிழைப்பதாகக் காட்டித் தவணை கேட்கப் பார்க்கிறான் என்று அண்ணாச்சிக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது.

"கனம் கோர்ட்டார் அவர்களே!" என்று ஆரம்பித்தார். ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று பழகிய குரல். "வாங்கினதை இவன் மறுக்கல. ஆனா எப்போ கேட்டாலும் பைய தாரேன், பைய தாரேன். ரெண்டு வருசமா இதே பேச்சு!"

"பையைத் தர்றேன்னு சொன்னாருங்களா? சரிங்க, பை வந்துச்சுங்களா?" என்று கேட்டார் நீதிபதி.

கூட்டம் சிரித்தது. அண்ணாச்சிக்கு அந்த அம்மாள் மேல் பரிதாபமே வந்தது.

"அம்மா வெளியூரு, அதான் தெரியல. எங்க பாசையில பையன்னா மெதுவான்னு அர்த்தம்."

நீதிபதிக்கே பாடம் நடத்திய பெருமையோடு திரும்பிப் பாக்கியத்தைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். புருஷன் திறமையைக் கண்டு கண் கலங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

"இல்லம்மா, நீங்க சொல்லுததுதான் சரி" என்றான் வன்னியராஜ். "நான் அரிசிப் பையத்தான் சொன்னேன். மாசாமாசம் கொண்டு போய் அண்ணாச்சி வீட்டுல போடுதேன். மதினிதான் சொன்னாவ, ரொக்கம் இல்லன்னா அரிசியாக் குடு, வெல போட்டுக் கழிச்சிக்கிடுவோம்னு. நோட்டீசு வந்ததும் பதறிப்போயி மதினிக்குப் போன் போட்டேன். கடைசிப் பையோட கோர்ட்டுக்கே வந்துருன்னாவ. அந்தா கெடக்கு. அதோட கடன் தீந்துட்டு."

அண்ணாச்சி வாசலோரம் கிடந்த பையையும் பாக்கியத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

நீதிபதி பாக்கியத்தைப் பார்த்தார். "அரிசி வந்துச்சுங்களாம்மா?"

"வந்துச்சும்மா. காலையிலகூட இவுக ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டாவ. சோறு பூவா இருக்குன்னு சொன்னாவ."

ஆக, அண்ணாச்சி வாதாட வந்த வழக்கை இரண்டு வருடமாக அவரே ரசம் ஊற்றித் தின்று தீர்த்திருக்கிறார். சமரசம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

பஸ் நிறுத்தம் வரை அரிசிப் பையைச் சுமந்து வந்து இறக்கிய வன்னியராஜ், "வாரேன் அண்ணாச்சி" என்று குழைந்து கும்பிட்டுவிட்டுப் போனான். அண்ணாச்சியின் கை பழக்கதோஷத்தில் சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது.

"அப்போ மாசாமாசம் நான் தந்த அரிசித் துட்டு எங்கட்டி?"

பாக்கியம் கழுத்துச் சங்கிலியைத் தடவிக்கொண்டாள். "கவரிங்குன்னு சொன்னேன். நம்புனிய."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா!"

"சொன்னா அந்தத் துட்டையும் அண்ணாச்சின்னு வாரவனுக்குத் தூக்கிக் குடுத்திருப்பிய. பொறவு மனசு கேக்காம எத்தன தடவ வாயத் தொறந்தேன்? விட்டியளா?"

அண்ணாச்சிக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. அந்தத் தங்கச் சங்கிலியைப் பார்க்கப் பார்க்கப் பெருமைதான் வந்து தொலைத்தது. தன்னை எவனும் ஏமாற்ற முடியாது என்று சொன்னது பொய்யாகிவிடவில்லையே, எவளும் என்று அவர் சொல்லவே இல்லையே! பக்கத்தில் நின்றவரிடம், "கேசு முடிஞ்சிட்டு வே! சல்லிக்காசு பாக்கி இல்லாம வசூல்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

டவுன் பஸ் வந்தது. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அண்ணாச்சிக்கு உண்டு. சட்டைப் பையைத் தடவினார். காலி.

"ஏட்டி, டிக்கெட்டுக்குத் துட்டு தாட்டி" என்றார் குரலை இறக்கி.

"பைய தாரேன்" என்ற பாக்கியம், கீழே கிடந்த அரிசிப் பையைத் தூக்கி அவர் தோளில் வைத்துவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.